பீரோ இறங்கும்போது பேசக் கூடாது

ஒரு வீட்டில் யார் சொல்ல வேண்டும், யார் கேட்க வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொல்வதற்காக எங்கள் ஊரில் அரசாங்கம் மூன்று மாடிக்கு ஒரு கட்டடம் கட்டியிருக்கிறது. பெயர் இல்லத் தலைமை நிர்ணய வாரியம். வாசலில் இரண்டு கதவுகள். அகலமான கதவு மேல்நிலையர் நுழைய. குனிந்து போக வேண்டிய கதவு கீழ்நிலையர் நுழைய. இரண்டில் எது என்று இன்னும் முடிவாகாதவர்கள் பின்பக்கமாக, குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே ஒரு சந்து இருக்கிறது, அந்த வழியாக வரலாம்.

கயிறும் மாத்தக்காவும் முதல் தடவை அந்தச் சந்து வழியாகத்தான் உள்ளே போனார்கள்.

கயிறு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தோளில் எப்போதும் ஒரு கயிற்றுச் சுருள் கிடக்கும், அதனால் தெரு வைத்த பெயர். மாத்தக்கா அவன் மனைவி. நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வருகிற 'மாத்து' என்ற சொல் அவளுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. இருவரையும் அவன், அவள் என்றே எழுதப்போகிறேன். ஒருவரை 'அவர்' என்றும் மற்றவரை 'அவள்' என்றும் எழுதுவது வாரியத்தின் பழக்கம், என்னுடையது அல்ல.

இருவரும் வீடு மாற்றிக் கொடுக்கிறவர்கள். சொத்தென்று ஒரு பழைய வேன், கீறல் விழாமல் சுற்ற நாலு கம்பளி, அந்தக் கயிறு. வேலைக்கு ஆள் வைத்துக்கொள்வதில்லை. மாடியிலிருந்து பீரோ இறக்குகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கீழ்முனையைப் பிடித்தவர் பின்பக்கமாக இறங்க வேண்டும். பாரமும் பெரும்பாலும் அவர் மேல்தான். ஆனால் தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மேல்முனையைப் பிடித்தவருக்குத்தான் படி தெரியும். ஆகவே மேலே இருப்பவர் சொல்வார், கீழே இருப்பவர் கேட்பார். "இன்னும் ஒரு படி... சுவர் வருது, இடப்பக்கம் ஒதுங்கு... வா, வா." படி திரும்புகிற இடம் வந்ததும் இறக்கி வைப்பார்கள். "மாத்து" என்பாள் மாத்தக்கா. மேலே இருந்தவர் கீழே போவார், கீழே இருந்தவர் மேலே வருவார். அதுவரை கேட்டவர் இனிமேல் சொல்வார். மேலே இருப்பவர் வாய் திறக்கவில்லை என்றால் வழி சுத்தம் என்று அர்த்தம். இந்த ஒன்றை நம்பித்தான் இருவரும் இத்தனை வருடமாகக் கைகால் உடையாமல் பிழைத்து வந்தார்கள்.

யார் பெரியவர் என்ற கேள்வி அந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. வரவைத்தது ஒரு குழந்தை.

ஊரில் இருந்த குழந்தைகள் காப்பகம் வேறு கட்டடத்துக்கு மாறியது. சாமான் ஏற்ற இவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். துணிமணி எல்லாம் எடுத்துக் காலியாக வைத்திருந்த ஒரு பீரோவைத் தூக்கிப் பாதிப்படி இறங்கியதும் மாத்தக்கா, "நிறுத்து, காலி பீரோ இவ்வளவு கனக்காது" என்றாள். இறக்கி வைத்துக் கதவைத் திறந்தார்கள். உள்ளே ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இங்க என்னடி பண்ற?"

"போறேன்."

"எங்க?"

"இது எங்க போகுதோ அங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் பேசவே இல்லியே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றது.

கயிறு சிரித்த சிரிப்பில் படிக்கட்டே அதிர்ந்தது. மாத்தக்கா சிரிக்கவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். வேலை முடிந்து கிளம்புகிற வரைக்கும் இறக்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. மறுநாள் காலையில் இருவரும் குளித்துத் தலைவாரி, சொல்லிவைத்தாற்போல் காப்பகத்துக்குக் கிளம்பினார்கள்.

காப்பகத்துப் பொறுப்பாளர் அம்மாள் நல்லவர்தான். குழந்தையைத் தரத் தடையில்லை என்றார். தலைமைச் சான்றிதழ் மட்டும் வேண்டும் என்றார்.

"யாருக்குப் பயப்படணும்னு குழந்தைக்குத் தெரியணும் இல்லியா? வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அதைத்தான் தேடும். ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருந்தா குழம்பிப்போயிடும், பாவம்."

அதனால்தான் சந்து, குப்பைத் தொட்டி எல்லாம்.

விசாரணை அறையில் ஒரு உயர்ந்த நாற்காலியும் ஒரு முக்காலியும் போட்டிருந்தார்கள். எதிரே வாரிய எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். யார் எதில் உட்காருகிறார்கள் என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும் என்பது அவர் அனுபவம். கயிறு நாற்காலியைத் தொட்டுப் பார்த்தான். கால் ஆடியது. "இத யாரோ இழுத்தே உடைச்சிருக்காங்க" என்று கவிழ்த்துப் போட்டான். மாத்தக்கா இடுப்புப் பையிலிருந்து சுத்தியலை எடுத்தாள். அவன் பிடிக்க, அவள் அடிக்க, நாற்காலி சரியானது. பிறகு இருவரும் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். எழுத்தர் 'இருவரும் கீழ்நிலை?' என்று எழுதி, அடித்தார்.

"வீட்ல முடிவு எடுக்கறது யாரு?"

"எதைப் பத்தி?" என்றாள் மாத்தக்கா.

"எதைப் பத்தி இருந்தாலும்."

"எதுன்னு தெரிஞ்சாத்தானே யாருன்னு சொல்ல முடியும்?"

எழுத்தர் பொறுமைசாலி. "சரி, இன்னைக்கு என்ன சாப்பாடுன்னு யாரு சொல்லுவாங்க?"

"யாருக்குப் பசிக்குதோ அவங்க," என்றான் கயிறு.

"சமைக்கிறது?"

"இன்னும் அதிகமா யாருக்குப் பசிக்குதோ அவங்க."

"நீங்க அவரை எப்படிம்மா கூப்பிடுவீங்க?"

"கயிறுன்னு. பீரோ சாய்ஞ்சா டேய்னு."

எழுத்தரின் பேனா கீழே விழுந்தது. தரையில் இருந்த இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டி அதை எடுக்கப் போனார்கள். அதையும் எழுத்தர் குறித்துக்கொண்டார்.

அடுத்து சண்டைச் சோதனை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் அதிகாரிகள் டீயோடு உட்கார்ந்துகொண்டார்கள். இந்தப்பக்கம் இவர்கள் சண்டை போட வேண்டும். எதைப் பற்றி என்று கேட்டதற்கு, "உங்க வீட்டுச் சண்டை, நாங்க எப்படிச் சொல்றது?" என்றார்கள். மாத்தக்கா, கயிற்றை ஈரத்தோடு சுருட்டி வைக்கிற அவன் கெட்ட பழக்கத்தை எடுத்தாள். உண்மையிலேயே கோபம் வந்தது. கம்பளியை வெயிலில் போட்டுவிட்டு மறந்துபோகிறவள் பேசக் கூடாது என்று அவனும் கத்தினான். கடைசியில் ஒருநாள் மழையில் கம்பளி நனைந்து, அதைப் பிழியப்போய் இருவரும் வழுக்கி விழுந்த கதை நடுவில் வந்துவிட்டது. சிரித்துத் தொலைத்தார்கள்.

"யார் ஜெயிச்சாங்க?" என்று ஒலிபெருக்கி கேட்டது.

"எதுல?" என்றார்கள் இருவரும்.

இப்படிப்பட்டவர்களை வாரியத் தலைவரிடம்தான் அனுப்புவார்கள். தலைவர் தாழ்ந்த குரலில் பேசுகிற, நன்றாக வெளுத்த சட்டை போட்ட மனிதர். யாரையும் அதட்டியதில்லை என்று அவருக்குப் பெயர். அவர் பேசும்போது வாரிய ஊழியர்கள் சுவரோரம் வரிசையாக நின்று கேட்பார்கள்.

"நான் கொடுமைக்காரன் இல்லம்மா. எங்க வீட்டையே எடுத்துக்குங்க. கல்யாணமான புதுசுல எங்க வீட்ல இருக்கே, அது, எதுக்கெடுத்தாலும் பேசும். அங்க போலாமா, இது நல்லாருக்கா, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க, ஒரே பேச்சு. நான் ஒருநாள்கூடக் கை ஓங்கினது கிடையாது. பதில் சொல்லாம இருந்தேன். அவ்வளவுதான். பொறுமையா, வருஷக்கணக்கா இருந்தேன். இப்ப வந்து பாருங்க. அது என்கிட்ட பேசியே ரொம்ப காலம் ஆச்சு. குரல் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு. போன மழைக்காலத்துல ஆஸ்பத்திரியில படுத்திருந்திருக்கு. டிரைவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவ்வளவு அடக்கம்! அந்த நிம்மதி எனக்கு மட்டும் கிடைச்சாப் போதுமா? நாட்ல எல்லா வீட்டுக்கும் கிடைக்க வேண்டாமா?"

ஊழியர்கள் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகக்கூடச் சொன்னார்கள்.

"உங்க வீட்ல தலைமை இல்ல," என்றார் தலைவர் பரிவோடு. "அதனால வாரியம் ஒண்ணு ஒதுக்கிக் குடுக்கும். எடை அதிகமா இருக்கிறவங்க மேல்நிலை. சட்டம் அப்படித்தான்."

எடை மிஷின் வந்தது. மாத்தக்காதான் அதிகம். தலைவர் முகம் லேசாகச் சுருங்கியது. சட்டத்தில் உயரமும் உண்டு என்றார். சுவரோடு நிறுத்தி அளந்தார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி மறுபடி அளந்தார்கள். கொண்டையைப் பிரிக்கச் சொல்லி இன்னொரு தடவை அளந்தார்கள். மாத்தக்காதான் உயரம்.

"சந்தேகத்தின் பலன் ஆணுக்கு," என்றார் தலைவர்.

எழுத்தர் தலையைச் சொறிந்தார். "சார், இதுல சந்தேகமே இல்லியே. ரெண்டுலயும் அந்தம்மாதான்..."

"எனக்கு இருக்குய்யா சந்தேகம்."

அவ்வளவுதான். கயிறு மேல்நிலையர் ஆனான். அவன் சட்டையில் ஒரு பித்தளை வில்லையைக் குத்தினார்கள். மாத்தக்காவுக்குத் துணி வில்லை. பயிற்சிக் காலம் முடிந்து நடைமுறைத் தேர்வில் தேறினால் சான்றிதழ், சான்றிதழ் வந்தால் குழந்தை. தேறாவிட்டால் அந்தக் குழந்தை வேறு வீட்டுக்குப் போகும். வரிசையில் ஆள் இருக்கிறது என்று காப்பகத்து அம்மாள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் இருவரும் ஒருவர் வில்லையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பீரோக்காரி வர்ற வரைக்கும்தானே? நடிச்சுட்டுப் போவோம்," என்றாள் மாத்தக்கா. அந்தக் குழந்தைக்கு அதற்குள் அவள் பெயர் வைத்துவிட்டாள்.

"நீ நல்லா நடிப்ப. எனக்குத்தான் வராது."

"ஏன் வராது? நீங்கன்னு கூப்பிடறேன் பாரு. நீங்க வண்டியை எடுங்க!"

வழி நெடுகச் சிரித்துக்கொண்டு போனார்கள். எனக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. நடிப்பு என்று நினைத்துத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள்.

கயிறுக்குக் கிடைத்தவர் அதட்டல் மாஸ்டர். பெரிய கண்ணாடிக்கு முன் நிறுத்திக் 'கூடாது' என்று சொல்லப் பழக்கினார். கயிறு, "கூடாது, ஏன்னா..." என்று ஆரம்பிப்பான். "ஏன்னா கிடையாது! காரணம் சொன்னா அது உத்தரவு இல்ல, பேச்சுவார்த்தை!" என்று மாஸ்டர் குதிப்பார். தினம் வீட்டில் தேவையில்லாத உத்தரவு ஒன்று போட்டுவிட்டு வர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். "தேவையான உத்தரவை யாரு வேணும்னாலும் போடலாம். தேவையே இல்லாததைச் சொல்லி, அதையும் எதிராளி செஞ்சுட்டா, அதுதான்யா தலைமை!"

மாத்தக்காவுக்குப் பணிவு டீச்சர். அந்த மாடி முழுக்க அந்த அம்மாளின் குரல்தான் கேட்கும். "பணிவுன்னா என்னன்னு தெரியுமா? வாயை மூடு! நான் கேட்டா பதில் சொல்லணும்னு யார் சொன்னது?" பாடம் எளிமையானது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வலது கையைத் தூக்க வேண்டும். மேல்நிலையர் பார்த்து 'சொல்லு' என்றால் சொல்லலாம்.

"வீடு தீப்பிடிச்சா?" என்று கேட்டாள் மாத்தக்கா.

"கையைத் தூக்கு."

"அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா?"

"தூக்கிக்கிட்டே இரு."

வீட்டில் முதலில் எல்லாம் கூத்தாகத்தான் இருந்தது. "ஜன்னலைச் சாத்து" என்பான். புழுக்கத்தில் அவள் போய்ச் சாத்துவாள். "திற" என்பான். திறப்பாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். பிறகு ஒருநாள் சாயங்காலம் வேலை முடித்துக் களைத்து வந்து உட்கார்ந்தவன், "தண்ணி" என்றான். அவள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றாள். குடித்து முடித்த பிறகுதான் அன்றைய வீட்டுப்பாடத்தைக் காலையிலேயே முடித்துவிட்டது அவனுக்கு நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. சுகமாகவும் இருந்தது. சுகமாக இருந்ததை அவன் அவளிடம் சொல்லவில்லை. அதற்கு முன்னால் அவளிடம் சொல்லாமல் அவன் எதையும் வைத்துக்கொண்டதில்லை.

அவளுக்கும் ஒன்று நடந்தது. எந்தத் தெரு வழியாகப் போவது, எதை முதலில் ஏற்றுவது, மழை வருமா வராதா என்றெல்லாம் மண்டையைப் பிய்த்துக்கொள்ளாமல் வேனில் சும்மா உட்கார்ந்து வருவது அவளுக்குப் பிடிக்க ஆரம்பித்தது. தப்பானால் அவன் தப்பு. இந்த ஓய்வை அவள் அதுவரை அனுபவித்ததில்லை. அதை அவளும் அவனிடம் சொல்லவில்லை.

ஆனால் ஒரு விபத்துக்குப் பிறகு படிக்கட்டில் மட்டும் வில்லைகளைக் கழற்றி வைத்தார்கள். ஒருநாள் படி என்பதை மறந்துபோய் மாத்தக்கா மேல்முனையிலிருந்து, "நீங்க கொஞ்சம் இடப்பக்கமா..." என்று இழுப்பதற்குள் ஒரு நிலைக்கண்ணாடி சுவரில் மோதிச் சில்லுச்சில்லாகப் போனது. அன்றைக்கே முடிவெடுத்தார்கள்.

"படியில வாரியம் கிடையாது," என்றான் கயிறு.

"கிடையாதுடா," என்றாள் அவள்.

நடைமுறைத் தேர்வு தலைவர் வீட்டில் என்று தகவல் வந்தது. அவர் அப்போது இன்னும் பெரிய வீட்டுக்கு மாறிக்கொண்டிருந்தார். "தேர்வும் ஆச்சு, வீடு மாறின மாதிரியும் ஆச்சு," என்று அவரே சொல்லிச் சிரித்தார். கூலி பற்றிக் கேட்பது பணிவுக்கு விரோதம் என்பதால் யாரும் கேட்கவில்லை.

அன்று காலை வேனைவிட்டு இறங்கும் முன் மாத்தக்கா அவன் தோளைப் பிடித்தாள். "கொஞ்சம் சந்தேகமா இருந்தாலும் நின்னுடு. என்ன?"

"மேல நீ இருக்கல்ல, எனக்கென்ன?" என்றான் கயிறு.

வீட்டைக் காலி செய்ய மத்தியானம் ஆனது. நாற்காலி, மேசை, கட்டில், புத்தகம் என்று எல்லாம் வேனில் ஏறிவிட்டன. தலைவரின் மனைவி ஒரு மெலிந்த அம்மாள். ஒவ்வொரு அறையாகக் காலியாகக் காலியாக அடுத்த அறைக்கு நகர்ந்து, கடைசியில் மாடியில் படிக்கட்டின் தலைப்பில் வந்து நின்றுகொண்டிருந்தார். மிச்சம் மாடியில் இருந்த இரும்பு பீரோ ஒன்றுதான். அதை எடுக்கப் போகும்போது எழுத்தர் விதியைப் படித்தார்.

"மேல்நிலையர் எப்பவும் முன்னால போகணும். நடுவுல இடம் மாறக் கூடாது. கீழ்நிலையர் அனுமதி இல்லாம வாய் திறந்தா தேர்வு அத்தோட முடிஞ்சது."

பீரோ இறங்கும்போது முன்னால் போகிறவர் யார்? கீழ்முனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக, எதையும் பார்க்காமல் இறங்குகிறவர்தான். நாட்டில் தலைமை எங்கே நிற்க வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் யாரும் ஒரு பீரோவைத் தூக்கியதில்லை. கயிறு கீழ்முனைக்குப் போனான். அவனுக்கு அதில் பயம் இல்லை. எத்தனையோ முறை நின்ற இடம்.

தூக்கினார்கள். முதல் சில படிகள் ஒழுங்காக இறங்கின. அவள் பேசவில்லை, வழி சுத்தம். அவன் இறங்கினான். படி திரும்பும் இடம் வந்தது. 'மாத்து' என்ற சொல் அவள் தொண்டைவரை வந்து உள்ளே போனது. திரும்பினார்கள். மறுபடி இறங்கத் தொடங்கினான். அப்போதுதான் மாத்தக்கா பார்த்தாள். அவன் குதிகாலுக்குக் கீழே இரண்டாவது படியில் ஒரு வாளி இருந்தது. நிறையத் தண்ணீர். காலையில் இல்லாத வாளி.

படிக்கட்டின் அடியில் தலைவர் நின்றார். அவர் வாளியைப் பார்க்கவில்லை. அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையைத் தூக்கலாம். ஆனால் இரண்டு கையும் பீரோவுக்கு அடியில் இருந்தது. ஒரு கையை எடுத்தால் பாரம் முழுக்க அவன் மார்பில் போய் விழும். டேய் என்று ஒரு சத்தம் போதும். அந்தச் சத்தத்தோடு பீரோக்காரி வேறு வீட்டுக்குப் போய்விடுவாள். மேலே தலைவரின் மனைவி இருந்தார். அவரும் வாளியைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். மாத்தக்கா உதட்டை ரத்தம் வரக் கடித்துக்கொண்டாள்.

கயிறு ஒரு நொடி நின்றான். காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். மேலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவள் பேசவில்லை என்றால் வழி சுத்தம்.

காலைப் பின்னால் வைத்தான்.

பிறகு கேட்ட சத்தங்களை நான் எழுதப்போவதில்லை. பீரோ அவன் கால் மேல், முழங்காலுக்குக் கீழே அழுத்திக் கிடந்தது. மாத்தக்கா அப்போதும் கத்தவில்லை. அவள் வலது கை மேலே தூக்கி நின்றது. தலைவர் கைதட்டினார்.

"பிரமாதம்! ரெண்டு பேருக்கும் முழு மார்க். வாளி வெச்சதே நான்தான்மா, பயப்படாதீங்க. அது வாரியத்து வாளி, தேர்வுக்குன்னே வெச்சிருக்கோம். போன தடவை ஒரு அம்மா கடைசி நேரத்துல ஐயோன்னுட்டாங்க. எல்லாம் நல்லாப் பண்ணி, ஒரே வார்த்தையில ஃபெயில். பாவம், எனக்கே மனசு கேக்கல. நீங்க பாருங்க, கண்ணு முன்னாடி புருஷன் விழறாரு, ஒரு மூச்சு வரலியே!" எழுத்தரைப் பார்த்து, "ஆம்புலன்சுக்குச் சொல்லுய்யா," என்றார். அதட்டாமல்தான் சொன்னார்.

மாத்தக்கா படியில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தலைவர் வாசலுக்குப் போன பிறகு மேலே இருந்த அம்மாள் மெதுவாக இறங்கி வந்தார். வாளியை எடுத்து ஓரமாக வைத்தார். மாத்தக்காவின் தோளில் கை வைத்தார். அவர் குரல் துருப்பிடித்துக் கிடந்தது.

"பழகிடும்மா," என்றார்.

ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டுக் கண் விழித்ததும் கயிறு கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"வாளியைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லியிருந்தா..."

"அவ போயிருப்பா."

"நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்," என்றான். உண்மையா என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனால் அவளுக்கு அது வேண்டியிருந்தது, சொன்னான். மாத்தக்கா அவன் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அன்புக்கு அவர்களிடம் ஒரு குறையும் வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள்.

எலும்பு கூடியது. கனம் தூக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். முதலில் ஒரு சின்ன மேசையை எடுத்துப் பார்த்தார்கள். கயிறு கீழ்முனையில் நின்றான்.

"வழி சுத்தமா?"

"சுத்தம், வா."

அவன் திரும்பிப் பார்த்தான். சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடி பிடித்தான். "வா" என்றாள். மறுபடி திரும்பிப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்திருந்தது. அவள் ஏன் பேசவில்லை, யாருக்காகப் பேசவில்லை, எல்லாம் புரிந்து மன்னிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்திருந்தது. ஆனால் கால் பின்னால் போக மறுத்தது. சரி, நீ கீழே வா, நான் மேலே நிற்கிறேன் என்று மாற்றிக்கொண்டார்கள். அப்போது அவனுக்குப் பயம் இல்லை. நடுப்படியில் அவள் நின்றுவிட்டாள். அவன் கண்ணில் படுவதை அவன் சொல்வானா என்ற எண்ணம் வந்ததாம். மேசையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு இருவரும் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

அதன் பிறகு தூக்க ஆள் வைத்துக்கொண்டார்கள். கயிறு வேன் ஓட்டினான். கயிற்றுச் சுருளை ஆணியில் மாட்டிவிட்டான். பெயர் மட்டும் போகவில்லை.

சான்றிதழ் வந்தது. குழந்தையும் வந்தது. பீரோக்காரியை அழைத்துவந்த அன்று அவளுக்கென்று வாங்கிய மரக்கட்டில் வாசலில் இறங்கியிருந்தது. மாடி அறையில் போட வேண்டும். கூலிக்கு வந்த இரண்டு ஆட்கள் அதைத் தூக்கினார்கள். இந்தத் தெருவில் பாதி வீட்டின் கட்டில்களை ஏற்றி இறக்கிய இருவரும் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டு நின்றார்கள். நடுவில் குழந்தை.

"மெதுவா, மெதுவா. பின்னாடி படி இருக்கு."

"எங்க?"

"கால் பக்கத்துலயே. ஆங், வெச்சுக்க. இன்னும் ஒண்ணு. வா, வா."

கயிறு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மாத்தக்கா முந்தானையைச் சரிசெய்தாள். பீரோக்காரி இருவரையும் அண்ணாந்து பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்கதானே தூக்கினீங்க? என் கட்டிலை ஏன் நீங்க தூக்கல?"

பதில் சொல்ல வாயெடுத்த மாத்தக்காவின் வலது கை தானாக மேலே போனது. வாரியம் முடிந்து, வில்லை கழற்றி, எல்லாம் ஆன பிறகும் போனது. அது தூக்கியிருப்பது அவளுக்குத் தெரியவில்லை. கயிறு பார்த்தான். கையைக் கீழே போடு என்று சொல்ல வந்தான். அதுவும் ஓர் உத்தரவாக இருக்குமே என்று நினைத்துப் பேசாமல் நின்றான். கை அப்படியே நின்றது.

குழந்தை கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தது, அவள் கையைப் பார்த்தது. இந்த வீட்டில் இப்படித்தான் போலிருக்கிறது என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, அதுவும் தன் வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.